நீச்சல் அணியை மூடலாமா?

அன்பு மகனுக்கு,

நீ விளையாட்டுத் துறையின் கணக்கைப் பார்க்கும் அமெரிக்கக் கல்லூரி, விளையாட்டு வருமானத்தில் வீரர்களுக்கே பங்கு தரத் தொடங்கிவிட்டது, பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்குப் போகிறது, பெண்கள் நீச்சல் அணியை மூடினால்தான் துறையின் பட்ஜெட் தாங்கும் என்று எழுதியிருந்தாய். மத்திய அரசின் பட்ஜெட் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்டாய்.

பழக்க தோஷத்தில், "மூடலாம். தங்கள் ஒப்புதலுக்கு" என்று எழுதிவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பிள்ளைக்கு லெட்டர் எழுதச் சொன்னா ஃபைல்ல நோட் போடறேளே!"

அப்புறம் மொட்டைமாடி வெயிலில் கண்ணயர்ந்தேன். கனவில், நாம் முன்பு குடியிருந்த டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெளிந்த தண்ணீர். ஜன்னல்களின் வழியே பெண்கள் சத்தமில்லாமல் நீந்திப் போனார்கள். ஒருத்தி மட்டும் படியில் நின்று, "அங்கிள், நான் இறங்கலாமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல மேலதிகாரியைத் தேடினேன். யாருமில்லை.

விழித்ததும் அந்தக் குறிப்பைக் கிழித்துவிட்டேன். நான் வெட்டிய செலவுகளுக்குப் பின்னால் இருந்த ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. அப்படி வெட்டியது சரிதானா என்று இப்போதும் சந்தேகம்தான். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பெண்களிடம் நீயே நேரில் போய்ச் சொல். சொல்ல வாய் வரவில்லையென்றால், கையெழுத்தும் போடாதே.

உன் அப்பா