பாட்டின் கடைசியில் வாப்பா

2022 மார்ச் 4
வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. எனக்குச் சீதனமாய்க் கொடுக்கும் வீடு. இறக்காமத்து வயலில் பாதியை விற்றுக் கட்டுகிறார் வாப்பா. பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்முனையில் கலியாணம் ஏது?

இன்று தம்பி அஸ்பாக் சீமெந்து மூடைகளின் மேல் ஏறி, கிடாரோடு தன் புதுப் பாட்டைப் போனில் பதிந்தான்.

"ஊடு கேட்டு வாற மாப்புள்ள,
வயல் விக்கிற சத்தம் கேக்கல்லியா?"

முடிகிற நேரம் வாப்பா வந்து, "நிப்பாட்டுடா" என்று சத்தம் போட்டார். அதையும் வெட்டாமல் பேஸ்புக்கில் போட்டுவிட்டான். "அதுதான் ராத்தா நல்ல முடிவு" என்கிறான்.

மார்ச் 9
எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார், பாட்டைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாடினது சரிதான் — ஆனா அது என்ட கலியாணம்டா. ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாமே?

மார்ச் 10
கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது அவனுக்குத் தெரியும்.

ஜூன் 17
வாப்பா அவனோடு இன்னும் கதைப்பதில்லை. அவனுக்குச் சோறு மூடி வைத்தாயா என்று மட்டும் உம்மாவிடம் கேட்கிறார்.

நவம்பர் 23
தம்பியை டெங்கு கொண்டுபோய்விட்டது. இருபத்திரண்டு வயது. அவனை அடக்கிவிட்டு வந்த வாப்பா வாசலிலேயே இருந்துவிட்டார். எழுதக் கை வரவில்லை.

2023 ஆகஸ்ட் 12
என்னோடு மருந்துக் கடையில் வேலை செய்யும் சிவரூபினி சொன்னாள்: "எங்கட காரைதீவுப் பிள்ளையளும் உன்ட தம்பிட பாட்டத்தான் பாடுதுகள். சீதனம் எங்களுக்கும் இருக்குத்தானே."

கடைசியில் எல்லாரும் சேர்ந்து "நிப்பாட்டுடா" என்று கத்துகிறார்களாம். அதையும் பாட்டு வரி என்றே எடுத்துக்கொண்டார்கள். சிரித்தேன். பிறகு மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் அழுதேன்.

வாப்பாவிடம் சொல்லவில்லை. அவர் அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டதே இல்லை.

2024 ஜூலை 6
புதுச் சம்பந்தம் பேச வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்த மாப்பிள்ளையின் மாமா, மேல்மாடியும் போட்டால் நல்லம் என்றார். அதற்கு மிச்ச வயலையும் விற்க வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, பாடவில்லை, மெல்லச் சொன்னார்: "வயல் விக்கிற சத்தம் உங்களுக்குக் கேக்கல்லியா?"

தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். எனக்குக் கவலையே இல்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் சந்தோசமாக இருந்தது.

அஸர் தொழுதுவிட்டு வாப்பா என்னிடம் வந்தார். "மகள், தம்பிட பாட்டு இரிக்கா?"

"ஓம் வாப்பா."

முழுக்கக் கேட்டார். கடைசியில் அவருடைய குரலே வந்தது. தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். நான் போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"நிப்பாட்டாத மகள். திருப்பிப் போடு."