பனிக்கடல் பார்த்த தேங்காய்

21.08.2016, ஞாயிறு

ஆர்க்டிக் தீவுகளைச் சுற்றும் பயணக் கப்பலில் குசினியில் சமையல் வேலை முடித்து, மனைவியின் தம்பி குகன் இன்று தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் உள்ள என் கடைக்கு வந்தான். வெள்ளைக் கரடியைப் பற்றிக் கேட்க வாய் திறந்தேன். பயணம் நல்லபடி அமைய முதல் கரையில் உடைக்கச் சொல்லி நான் கொடுத்த தேங்காயை மேசையில் வைத்தான்.

“ஏன்டா உடைக்கேல்லை?”

“அங்கை ஒரு தும்புகூடப் போட விடமாட்டினம், அத்தான். சப்பாத்தையும் கழுவித்தான் இறக்குவினம்.”

“கப்பலிலை உடைச்சிருக்கலாமே?”

“பனிமலை ஒண்டு உடைஞ்சு கடலிலை விழுந்ததைப் பாத்தனான். அதுக்குப் பிறகு மனம் வரேல்லை.”

அது விழுந்தபோது என்ன மாதிரிச் சத்தம் கேட்டது என்று கேட்டேன். அவன் தேங்காயை என் பக்கம் உருட்டிவிட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, தேங்காயைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஆடுகிறது.

“நாளைக்குச் சம்பலுக்கு உந்தத் தேங்காயைத் திருவுறன்” என்றாள் மனைவி. ஓம் என்றேன். அவள் கண்ணயர்ந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.