சாமை முடிச்சு

மாப்ளே,

நேற்றிலிருந்து ஆன் ஆகாமல் கிடக்கும் உன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டை இன்று மதியம் கழற்றினேன். எலி நாற்றமும் மக்கிய சாமை வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உள்ளே ஒரு மூலையில், உன் பழைய லுங்கித் துணியில் கட்டிய அதே முடிச்சு. செத்தவனைத் திட்டக்கூடாதுதான். நான் வாய்விட்டே திட்டினேன்.

உன் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய காலேஜ் பிராஜெக்ட் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. நாளைக் காலை நாமக்கல்லில் கொடுத்தாக வேண்டும். வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அந்த விஷயத்தில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

"ஆயிருமுங்களா மாமா?"

"ஆயிரும் கண்ணு" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

சேலத்தில் பழைய சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி நீ சேர்த்த பெட்டி இது. ஒரு ஸ்க்ரூவும் இன்னொன்றைப் போல இல்லை. பஸ் மலையேறும்போது, வளைவுக்கு வளைவு நான் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தேன். நீயோ கண்டக்டரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாய். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் நம்முடையது. ஈரம் ஏறி எல்லாம் கெட்டுவிடும் என்று சாமையைக் கட்டி உள்ளே வைத்தாய். நனைந்த செல்போனை அரிசிக்குள் போடுவதில்லையா, அதே கணக்காம்.

"எலி வரும்டா" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஈரத்தச் சாமை இழுத்துக்கும்டா மாப்ளே. எலிக்குக் கம்ப்யூட்டர்ல என்ன சோலி?" என்று சிரித்தாய். உன்னிடம் பேசி ஜெயித்தவன் யார்?

பவர் சப்ளையைத் தனியே கழற்றிச் சோதித்தேன். அதன் ஃபேன் நன்றாகவே சுற்றியது. ரேமை உருவி, ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அமுக்கினால் கல்லுப் போலக் கிடந்தது. இடையில் கரண்ட் வேறு போய்விட்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற உன் மகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இந்த நேரத்தில் இங்கே இருக்க வேண்டியவன் நீ. எங்கே போய்த் தொலைந்தாய்?

எரிச்சலில் முடிச்சைப் பிடித்து இழுத்தேன். அதன் பின்னால், சுவிட்சிலிருந்து உள்ளே போகும் மெல்லிய ஒயர் அறுந்து கிடந்தது. சாமைக்கு வந்த எலி அதையும் கடித்திருக்கிறது. நாங்கள் இவ்வளவு நேரம் அமுக்கியது எதுவும் உள்ளே போய்ச் சேரவே இல்லை. போர்டில் அந்த ஒயர் செருகியிருந்த இரண்டு ஊசிகளை, சுவிட்சுக்குப் பதிலாக, ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன். ஃபேன் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. பிராஜெக்டைப் பென் டிரைவில் ஏற்றிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

முடிச்சை வெளியே வீசப் போனேன்.

"வேண்டாமுங்க மாமா. அது அப்பா கட்டுனது."

முடிச்சைத் திருப்பிப் பார்த்தேன். எலி துணியின் அடியைக் கடித்துச் சாமையைத் தின்று தீர்த்திருந்தது. நீ இறுக்கிப் போட்ட முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. உமியை உதறிவிட்டுத் துணியை அவளிடம் கொடுத்தேன். எனக்கு மிச்சம் நம் சண்டைதான். எலி வரும் என்று சொன்னேன், வந்துவிட்டது. உன்னிடம் முதன்முதலாக ஜெயித்திருக்கிறேன் மாப்ளே. இதை யாரிடம் போய்ச் சொல்லிக் காட்டுவேன்?