மேல்தட்டில் மூன்றாவது கப்பு

தம்பி,

இன்று காலையும் டீ புடவையில் கொட்டிவிட்டது. உன் கோணக் கப்பைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சிந்தாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். எனக்குத்தான் இன்னும் கை பழகவில்லை. நீ இருந்திருந்தால், புடவையைக் கடையிலேயே இந்த டிசைனோடுதான் வாங்கினாயா என்று கேட்டு என் வாயைக் கிளறியிருப்பாய்.

நம் வீட்டுக் கப்பு எதுதான் நேராக இருந்தது? பீங்கான் வேலைக்குப் போகிறவர்கள் வீடெல்லாம் இந்த ஊரில் அப்படித்தான். அம்மாவுக்குச் சூளை பிரித்ததும் தரம் பார்க்கிற வேலை. ஒவ்வொரு கப்பையும் நகத்தால் சுண்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பாள். கணீரென்று வந்தால் அது வெளியூர் போகிற பெட்டிக்கு. கைப்பிடி வளைந்ததும் வாய் கோணியதும் செகண்ட்ஸ் என்று ஒதுங்கி நம் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வந்து சேரும். மேல்தட்டில் முதல் தரத்தில் இரண்டே கப்பு. அவை விருந்தாளிக்கு மட்டும். காய்ச்சலில் கிடந்தபோது ஒருநாள் நீ அதில் கஞ்சி கேட்டதற்கு, "இந்த வூட்டுப் பையனுக்கு எதுக்குடா அது?" என்று அம்மா கோணக் கப்பையே நீட்டினாள்.

எல்லையில் சண்டை மூண்டபோது நீ பட்டாளத்திலிருந்து கடைசியாகப் போனில் பேசினாய். செல்போனை எல்லாம் வாங்கி வைக்கப்போகிறார்கள், இனிமேல் லெட்டர்தான் என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். போனை வைத்த பிறகும் அம்மா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "சத்தம் சரியில்லடி" என்றாள். டவர் சரியில்லை என்று நான் சமாளித்தேன். அவள் போய் டிவியை அணைத்தாள். அதற்குப் பிறகு நம் வீட்டில் டிவி ஓடவே இல்லை.

முதல் கடிதத்தில் நீ நீயாகவே இருந்தாய். பக்கத்தில் படுக்கிறவன் விடுகிற குறட்டை வேப்பூர் ரோட்டில் போகிற லாரியைத் தோற்கடிக்கிறது என்றும், அக்காவின் சாம்பாரைத் தின்று வளர்ந்தவனை எந்த நாட்டுக் குண்டும் ஒன்றும் செய்யாது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில்தான் அப்படிச் செய்துவிட்டாள். அந்த வாரம் பிரித்த சூளையிலிருந்து நீலக்கோடு போட்ட முதல் தரக் கப்பு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவந்து, மேல்தட்டில் அந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். லீவில் வந்ததும் நீ அதில்தான் டீ குடிக்க வேண்டும் என்று என்னை எழுதவும் வைத்தாள்.

உன் பதில் நான்கே வரி. "ஏம்மா, அதுக்குள்ள என்னை விருந்தாளி ஆக்கிட்டியா? அதை மேல இருந்து எடுத்துடு. எனக்கு என் கோணக் கப்பு போதும்." கேலியாகத்தான் எழுதியிருப்பாய். ஆனால் அம்மாவுக்குப் படித்துக்கொண்டே வந்த நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அம்மா அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். கப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அவள் ஒப்பவில்லை. வந்து அவனே எடுக்கட்டும் என்றாள்.

அடுத்த கடிதம் ரொம்ப நாள் கழித்து வந்தது. எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. இருட்டினால் பீடி பற்றவைக்கக்கூட விடுவதில்லை என்று ஒரு வரி. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்ததா என்று ஒரு வரி. அம்மாவைப் பார்த்துக்கொள், அக்கா. அவ்வளவுதான். என் சமையலைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. நல்ல பிள்ளையாக ஒரு கடிதம் நீ எழுதுவாய் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை, தம்பி. அம்மாவுக்குப் படிக்கும்போது, அக்கா சாம்பார் இல்லாததால் எனக்கு வயிற்றுவலியே வருவதில்லை என்று நானாக ஒரு வரியைச் சேர்த்துப் படித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அது அவன் எழுதினது இல்லடி" என்றாள்.

அவர்கள் வந்தது ஒரு மத்தியான வேளையில். ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துவந்தார்கள். சீருடையில் இரண்டு பேர், தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர். வேலைவிட்டு வந்த அம்மாவின் கையில் பீங்கான் மாவு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. பெரியவராகத் தெரிந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேச வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உக்காருங்கய்யா. டீ குடிச்சிட்டு அப்பறமா சொல்லுங்க."

மேல்தட்டிலிருந்து கப்புகளை இறக்கினாள். இரண்டு எடுத்தாள். மூன்று பேர் வந்திருந்தார்கள். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு உன் நீலக்கோட்டுக் கப்பையும் எடுத்தாள். ஊற்றுவதற்கு முன்னால், வேலைப் பழக்கத்தில், ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தாள். உன்னுடையதுதான் நன்றாகக் கணீரென்றது. அது அந்த அதிகாரிக்குப் போனது. அவர் பாதி குடித்து, கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அம்மா மூன்றையும் கழுவித் துடைத்து மேல்தட்டிலேயே வைத்தாள். இப்போது யார் வந்தாலும் அவற்றில்தான் டீ. ஆனால் காலையில் அவள் கீழ்த்தட்டிலிருந்து எடுப்பது இன்னும் மூன்று கப்புகள்தான். அவளுக்கு, எனக்கு, பிறகு உன் கோணக் கப்பு. அதில் ஊற்றி என் பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். என் டீயைக் குடித்த கையோடு, ஆறுவதற்குள் உன்னுடையதையும் நானே குடித்துவிடுகிறேன், தம்பி, புடவையெல்லாம் சிந்திக்கொண்டு.