புத்தகத்தில் கேட்காத வார்த்தை

புதன்கிழமை, இரவு. மழை விட்டுவிட்டது.

வங்கித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்கள் படித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர்தான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். நான் பொருள், இணைச்சொல், எதிர்ச்சொல் மூன்றும் சொல்லவேண்டும்.

இன்று திருமலைராயன்பட்டினத்துக் கம்பெனியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். நனைந்த சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார்.

"ரிடன்டன்ட்னா என்ன, செல்வி?"

அடுப்படியிலிருந்தே மடமடவென்று ஒப்பித்தேன். "தேவைக்கு மேல இருக்கறது. இணைச்சொல், சர்ப்ளஸ். எப்புடிங்க?"

எட்டிப் பார்த்தேன். புத்தகம் ஜன்னலோரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இந்த வார்த்தைய எங்கங்க கேட்டீங்க?"

"கம்பெனில. உன் வேலை ரிடன்டன்ட் ஆயிடுச்சுன்னு மேனேஜர் சொன்னாரு. ஏதோ பதவி ஒசத்துறாங்க போலன்னு நெனச்சு, தேங்க்யூ சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். கம்பெனி கேட்டுல என் ஐடி கார்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. அப்பத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அந்தத் தேங்க்யூவை நினைத்துக்கொண்டே நின்றேன்.

"அதுக்கு எதிர்ச்சொல்?" என்றார்.

"இண்டிஸ்பென்சபிள். அது இல்லாம முடியாதுன்னு அர்த்தங்க."

தலையாட்டிவிட்டுச் சட்டையை மாற்றப் போனார்.

அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. தோசை சாப்பிட்டோம், டிவி பார்த்தோம். இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறார். தினமும் முதல் ஷிப்டுக்கு விடியற்காலையில் நான்தான் எழுப்பிவிடுவேன். நாளைக்கு எழுப்பவா, வேண்டாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.