நீலம் பாரித்த புகைக்குழாய்கள்

ஜனவரி 6, பேக்கர்ஸ்ஃபீல்டு

இந்தக் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று என் தையல் ஊசிமேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்: என் அக்கா மகள் நோரீன் ஏழு வருடம் பாடுபட்டு ஒரு கார் செய்திருக்கிறாள், அது ஓடாது. பழுதெல்லாம் இல்லை. ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

1932ஆம் வருடத்து ஃபோர்டு. கூரை கிடையாது, இரண்டு பேர் உட்காரலாம். கறுப்புத் திராட்சை நிறம். நேற்று அதில் முகம் பார்த்துச் சவரம் செய்தேன். இருபது வயது குறைந்துவிட்டது. இருக்கை நான் தைத்தது. டென்மார்க் பசுக்கள் வரிசையில் நின்று, கண்ணீர் மல்க, தோலைக் கழற்றிக் கொடுத்தன. மனிதப் பிருஷ்டம் எதுவும் இன்னும் அதில் பட்டதில்லை.

எஞ்சினும் நோரீன் கட்டியதுதான். ஒரு தடவைகூட முடுக்கியதில்லை. முடுக்கினால் பக்கத்துக்கு நாலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குரோம் புகைக்குழாய்கள் சூட்டில் நீலம் பாரித்துவிடும். நீலம் பாரித்தால் காட்சிக் காரின் கற்பு போச்சு!

24ஆம் தேதி பக்கத்து மாநிலத்து ஸ்காட்ஸ்டேலில் கார் ஏலம்.

ஜனவரி 9

ஏலக்காரர்களின் கலை நிபுணர் ஆல்டின் வந்தார். கழுத்தில் பட்டுத்துணி, காலில் காலுறை இல்லை. காரின் முன்னால் மூச்சடக்கி நின்றார்.

"இது கார் இல்ல மேடம். சக்கரம் வச்ச சிற்பம்."

"ஓடுமா?" என்று கேட்டேன்.

ஓவியத்தில் இருக்கும் சீமாட்டிக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மாமா, உள்ள போய் காபி போடுங்க," என்றாள் நோரீன்.

கனெக்டிகட்டில் வேட்மோர் என்று ஒரு கனவான். கார்களை வெள்ளை மண்டபத்தில், குளிர்சாதனத்தில், சவம்போல் பாதுகாக்கிறார். அவருக்கு இதன்மேல் கண். அவர் வாங்கினால் மண்டபச் சுவரில் நோரீன் பெயரைப் பொறிப்பார்களாம். நாற்பத்து நாலு வயது வரை "பட்டறை உங்க வீட்டுக்காரரோடதா?" என்று கேட்டுக் கேட்டே அவளைக் கொன்றிருக்கிறார்கள். அவளுக்கு அந்தச் சுவர் சின்ன விஷயமில்லை. இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கேலி வரவில்லை.

ஜனவரி 12

நோரீன் சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்று மதியம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதோட சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது மாமா. வித்துட்டா இனிமே தெரியவும் தெரியாது."

ஜனவரி 15

காலையில் மூடுபனி. ஒன்றும் நடக்கவில்லை.

ஜனவரி 15, மறுபடியும்

பொய். நடந்தது.

ரம்பம் போட்டு அறுத்தால்தான் வழிவிடும், அப்படி ஒரு பனி. நோரீன் பெட்ரோல் கேனுடன் நின்றாள்.

"பத்து விநாடி. குழாய் சூடாகறதுக்குள்ள அணைச்சிடலாம்."

"பத்துன்னா பத்துதான்," என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு ஏர்றீங்க?"

"தையல் தாங்குதான்னு பாக்க வேணாமா?"

முடுக்கினாள். ஊரைச் சுற்றி இரவு பகலாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் அத்தனையும் நின்று திரும்பிப் பார்த்தன. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். நோரீன் சிரித்தாள். பத்து விநாடி வந்தது, போனது. அணைக்கவில்லை. கியர் போட்டாள்! டாஃப்ட் சாலையில் சரக்கு ரயிலை முந்தினோம்; ரயிலோட்டி தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

டோனட் கடை வாசலில் நிறுத்தியபிறகுதான் பார்த்தோம். எட்டுக் குழாயும் நீலம், ஓரமெல்லாம் பொன்னிறம்.

"போச்சு," என்றாள். பிறகு மூன்று டோனட் தின்றாள்.

ஜனவரி 17

ஆல்டின் குழாய்களைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யார் பண்ண வேலை இது?"

நான் வாயைத் திறந்தேன். நோரீன் முந்திக்கொண்டாள்: "நான் செஞ்ச வண்டி. நான் ஓட்டினேன்."

"சரி, புதுசா குரோம் பூசிடலாம். ஏலத்துக்கு நாள் இருக்கு. வெளிய தெரியாது."

"பூசலாம்," என்றாள். ஒரு குழாயை விரலால் தடவினாள். கொஞ்ச நேரம் தடவினாள். "வேணாம்."

"வேட்மோர் சார் கையத் தூக்க மாட்டார், பாத்துக்குங்க."

"தூக்க வேணாம். கை வலிக்கப்போவுது."

எனக்கு ஆல்டின்மேல் இரக்கம் வந்தது. காபி வேண்டுமா என்று கேட்டேன். பட்டுத்துணியை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜனவரி 24, ஸ்காட்ஸ்டேல்

முன்னால் போன கார்களையெல்லாம் வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர், நோயாளியை அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போவதுபோல மேடைக்குத் தள்ளிப் போனார்கள். நோரீன் ஓட்டிக்கொண்டே ஏறினாள். ஆல்டினின் பட்டுத்துணி கழுத்திலிருந்து பறந்து மாநில எல்லையைத் தாண்டிவிட்டது. வேட்மோர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஆகவே ஏலம் கேட்கக் கை மிச்சமில்லை.

கடைசியில் எங்கள் ஊருக்குப் பக்கத்து வாஸ்கோவில் பாதாம் தோப்பு வைத்திருக்கும் ஒஃபீலியா பரகான் அம்மாள் எடுத்தார். ஆல்டின் ஆசை காட்டிய விலையில் பாதிகூட இல்லை. ஏலச் சுத்தியல் தட்டியதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி:

"இந்த சீட்டுல என் நாய் உக்காரலாமா?"

என் இருக்கை! என் டென்மார்க் பசுக்கள்!

"தாராளமா," என்றாள் அந்தத் துரோகி.

ஜனவரி 25

ஊர் திரும்பினோம். சுவரில் பெயர் இல்லை என்றாகிவிட்டது. வழியெல்லாம் நான் ஒரு கதையும் அளக்கவில்லை. இதை யார் நம்புவார்கள்?

மார்ச் 8

பரகான் அம்மாள் ஆயில் மாற்ற வந்தார். கார் பூராவும் தூசி. அதன்மேல் பாதாம் பூ இதழ்கள். என் இருக்கையில் நாய். வாடகை பாக்கி வைத்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது.

"குழாய் இப்படி நீலமா கெடக்கே. வெள்ளையா ஆக்கித் தர்றியாம்மா?"

வண்டிக்கு அடியிலிருந்து நோரீன் குரல் வந்தது: "அதைத் தொட்டா, நாயை மட்டும்தான் திருப்பித் தருவேன்."

ஓடுகிற கார் வேண்டும் என்று இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பட்டறை முகப்பில் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறாள். எழுத்து கோணல், நிறம் நீலம்.

கிணறுகள் நின்றது, செத்தவர்கள் எழுந்தது, ரயில், பட்டுத்துணி எல்லாம் என் கைச்சரக்கு. எஞ்சின் பிடித்ததும் நோரீன் சிரித்தாளே, அது மட்டும் நடந்தது. அதை எப்படிப் பெரிதாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.