மிச்சமிருந்த ஒரு ஃபவுல்

சனிக்கிழமை, இரவு

கல்லூரி கூடைப்பந்து அரையிறுதியில் இன்று ஒரு புள்ளியில் தோற்றோம். எங்கள் கேப்டன் நிவேதா மூன்றாவது குவார்ட்டரிலேயே நான்கு ஃபவுல் வாங்கிவிட்டாள். ஐந்தாவது வாங்கினால் வெளியே போக வேண்டும். கடைசி நேரத்துக்கு அவள் வேண்டுமென்று பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"வெளிய போனா போறேன் சார். இப்பவே இறக்கி விடுங்க" என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது இறக்கினேன். அப்போது பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தோம். அவள் ஒருத்தியே ஒன்பது போட்டாள். அடுத்த பந்து அவள் கையில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. ஐந்தாவது ஃபவுலை அவள் வாங்கவே இல்லை.

அவளுக்கு இது கடைசி வருடம். சீர்காழிப் பக்கத்திலிருந்து அவள் அப்பா நடவு வேலையை விட்டுவிட்டு, முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார்.

"பாப்பா ஏன் சார் அவ்வளவு நேரம் உக்காந்தே இருந்துச்சு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள், "சார் என்னைய கடைசிக்குன்னு வச்சிருந்தாருப்பா" என்றாள் நிவேதா. அவர் தலையாட்டிவிட்டு அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன். அழுகையோ கோபமோ எதுவும் வரவில்லை. நாளைக்கே இதே நிலைமை வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். உட்காரத்தான் வைப்பேன் என்று தோன்றுகிறது.